அண்ணன், சமையலறை, இரண்டு

நாற்பத்தொன்பது வயது ஆளை ‘அவன்’ என்று எழுதுவது மரியாதையில்லைதான். ஆனால் அண்ணன் இருந்தவரை அந்த வீட்டில் அவன் சின்னவன். இனிமேல் அவனைப் பெரிய மனுஷனாக்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது? சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி தெருவுக்கும் கடைக்கும் அவன் ரெஃபரி.

பெயர் வந்த கதை ஒன்றும் பெரிய கதையில்லை. சின்ன வயதில் அண்ணன் தலையணையோடு மல்யுத்தம் செய்வார். கட்டிப் புரள்வார், தூக்கி அடிப்பார், மேலே ஏறி அமுக்குவார். இவன் பக்கத்தில் மண்டிபோட்டுத் தரையைத் தட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவான். தலையணை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சில நாள் தலையணைக்குப் பதிலாக இவனே மாட்டிக்கொள்வான். அப்போது எண்ணுவதற்கு ஆள் கிடையாது. தோற்றவன் தரையைத் தட்டினால் விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம். இவன் ஆயிரம் தடவை தட்டியிருப்பான். அண்ணன் தட்டியதே இல்லை. ஒருமுறை இவன் எப்படியோ அண்ணன் கையை முதுகுப் பக்கம் முறுக்கிவிட்டான். மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் சாப்பிட முடியாமல் போனதே தவிர, மனுஷன் தட்டவில்லை. அவ்வளவு வீம்பு.

வளர்ந்து அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் ஆனார். இவன் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்கிறான். இருபத்தாறு வருஷமாக அதே ஸ்டூல், அதே ஜன்னல். அரை மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்கு நாள் முழுக்கத் தலைவலி. கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு; ஒழுங்காக யாரும் தேடவில்லை, இவனும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை. அதில் தூங்குவான். வீடு என்றால் அண்ணன் வீடுதான்.

மல்யுத்தத்துக்கு மார்க் போடுகிற பைத்தியம் ஒரு வீடியோ கடையை மூடியபோது ஆரம்பித்தது. அண்ணன் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கப் போனவர், திரும்பும்போது மூன்று மூட்டை கேசட்டோடு வந்தார். எல்லாம் பழைய மல்யுத்தம். அண்ணனும் தம்பியும் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை, பிறந்து தவழ்ந்தபோது நடந்தவை. படம் புள்ளிபுள்ளியாக ஆடும். பாதி வீரர்களின் பெயர் தெரியாது. அதனால் இவர்களே பெயர் வைத்தார்கள்: பனிமலை, முகமூடி டாக்டர், கல்லு மண்டை, அழுமூஞ்சி.

“பொய்ச் சண்டை. அதுக்கு மார்க் வேற. ரெண்டு எருமைங்க புரளுது, அதை ரெண்டு எருமைங்க பாக்குது,” என்பாள் அண்ணி. தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஊரார் அவசரத்தைச் சகித்துவிட்டு வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் வாய்க்கு விடுதலை.

அண்ணனுக்குக் கோபமே வராது. “பொய்தான், யாரு இல்லேன்னா? நூத்திருபது கிலோ ஆளு, அவ்வளவு உயரத்துலேர்ந்து கீழ கிடக்கறவன் மேல குதிக்கிறான். அவனுக்கு ஒண்ணும் ஆகாம குதிக்கணும். பாக்கறவனுக்கு மட்டும் வலிக்கணும். நீ குதிச்சுப் பாரு, தெரியும்.”

“நான் குதிச்சா நீங்க இருக்க மாட்டீங்க.”

விதிகள் கறார். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஐந்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். கால் மார்க் வரை போகலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்து, குறைவான மார்க்கைத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும். கூடக் கொடுத்தவன் ஆசையில் கொடுத்திருப்பான், குறைத்துக் கொடுத்தவன்தான் பார்த்துக் கொடுத்திருப்பான் என்பது அண்ணன் கட்சி. இந்த விதியால் பதினோரு வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் ஆட்டம் பார்த்தும் ஒன்றுகூட ஐந்து வாங்கவில்லை. மூன்று நீள நோட்டு நிறைந்தது.

அண்ணனுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது விழுவது. எழுந்திருப்பது எவனுக்கும் வரும், விழத் தெரிய வேண்டும் என்பார். அப்புறம் ரெஃபரி. “அடி வாங்கினவன் கிடக்கறான்ல, ரெஃபரி குனிஞ்சு அவன் கையைப் பிடிக்கிறான் பாரு. சும்மா பிடிக்கலடா. லேசா அழுத்துறான். நடிக்கிறவனா இருந்தா திருப்பி அழுத்துவான், நான் நல்லாத்தான் இருக்கேன்னு. அழுத்தலைன்னா நிஜமாவே அடி. ஆட்டத்தை நிறுத்திடணும். பாக்கற கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியாது. ரெஃபரிக்குத் தெரியணும்.”

நோட்டின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியல் உண்டு. தலைப்பு, ‘வீட்டுக்குள்ளே’. வீட்டில் யார் எங்கே விழுந்தாலும் மார்க். மாமா, பிளாஸ்டிக் நாற்காலி, நாலேகால். அண்ணி, குளியலறை வாசல், மூணேமுக்கால். அன்றைக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, ஹாலிலிருந்து இரண்டு குரல் ஒரே நேரத்தில் மார்க்கைக் கத்தியது. இரண்டு நாள் அண்ணி இருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “அதென்ன முக்கால்? நாலு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள்.

அண்ணன் வேண்டுமென்றே விழுவார். சோபாவிலிருந்து, கட்டிலிலிருந்து, பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொட்டுச் சிந்தாமல். விழுந்தால் சட்டென்று எழுந்திருக்க மாட்டார். தம்பி பத்து வரை எண்ண வேண்டும், ஒன்பதில் எழுந்திருப்பார். சில நாள் பத்தும் தாண்டி, இருபதும் தாண்டி, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். போய்க் குனிந்து பார்த்தால் கழுத்தைக் கட்டிக் கீழே சாய்த்துவிடுவார். ஐம்பத்தாறு வயது ஆள். கேட்பாரில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பிற்பகல். பனிமலைக்கும் முகமூடி டாக்டருக்கும் நடந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, முதல் பத்து நிமிஷத்திலேயே இருவருக்கும் வாய் பிளந்துவிட்டது. “டேய், இதுக்குத்தாண்டா இத்தனை வருஷம் காத்திருந்தோம். இது அஞ்சு,” என்றார் அண்ணன். ஆட்டம் முடியுமுன் வாயைத் திறந்து மார்க் சொல்வது விதிக்கு விரோதம். தம்பி முறைத்தான். “சரி சரி, நான் டீ போடறேன். நிறுத்தாத, எனக்கு அங்கேர்ந்தே கேக்கும்,” என்று எழுந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் பாத்திரம் விழுந்தது. பின்னாலேயே ஆள் விழுந்த சத்தம்.

ரெஃபரி தலையைத் திருப்பவில்லை. “ரெண்டு!” என்று கத்தினான். “பாத்திரம்தான் சத்தமா விழுந்துச்சு, நீ விழுந்தது சரியில்ல!” கத்திவிட்டு, மடியில் கிடந்த நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் எழுதினான்: அண்ணன், சமையலறை, 2. பிறகு டிவியைப் பார்த்தபடியே, ஒண்ணு, ரெண்டு என்று பத்து வரை ராகம் போட்டு எண்ணினான்.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் வந்தது. உள்ளங்கையால் தரையில். மூன்று தடவை.

இவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “தட்டிட்டான்யா! அண்ணன் தட்டிட்டாரு! வாழ்க்கையிலேயே முதல் தடவை!” என்று சோபாவிலிருந்து கையை உயர்த்தினான். தன்னை எழுப்பிச் சமையலறைக்கு இழுக்கத்தான் இந்தப் புதுத் தந்திரம், கழுத்தைக் கட்டப் போகிறார் என்று நினைத்தான். ஏமாறக் கூடாது என்று உட்கார்ந்தே இருந்தான். ஆட்டம் முடிய இன்னும் பதினோரு நிமிஷம் ஓடியது. முடிந்ததும் துண்டுக் காகிதத்தில் தன் மார்க்கை எழுதி மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு, அண்ணனுக்கு ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா…” என்று ஆரம்பித்து, இவன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போனார்.

அண்ணி வந்து கேட்டபோது, “நான் பாத்ரூம்ல இருந்தேன் அண்ணி. எனக்கு எதுவும் கேக்கல,” என்றான். ஏன் சொன்னான், எப்படி வந்தது அந்தப் பொய், இன்றுவரை அவனுக்கே தெரியாது. அண்ணி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “நீ என்னடா பண்ணுவே, நீ என்ன பண்ணுவே,” என்று அழுதாள். கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால்கூட அவனுக்கு அப்படி வலித்திருக்காது.

பாவி, அந்த நோட்டை அன்றைக்கே எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். ஞாபகமே இல்லை. பத்து நாள் கழித்து டிவிக்குக் கீழே தேடினால் மூன்றாவது நோட்டைக் காணோம். “நோட்டெல்லாம் நான்தான் பீரோவுல வெச்சிருக்கேன்,” என்றாள் அண்ணி. அதற்குமேல் எப்படிக் கேட்பது? அவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாளா, இல்லையா? பார்த்திருந்தால் இன்னும் ஏன் சும்மா இருக்கிறாள்? கடையில் லென்ஸைத் தேய்க்கும்போதும் இதே நினைப்பு. இரண்டு ஜோடி லென்ஸ் கையில் உடைந்தது. இருபத்தாறு வருஷத்தில் நடக்காதது.

ஒரு மாதம் போனதும் அண்ணி கூப்பிட்டு அனுப்பினாள். முதல் நோட்டு அவள் மடியில் இருந்தது.

“தம்பி, முதல்லேர்ந்து போடு. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கறேன்.”

அப்படித்தான் அண்ணன் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. அண்ணி அண்ணனின் இடத்தில் உட்காருவாள். ஆட்டம் முடிந்ததும் முதுகைக் காட்டித் துண்டுக் காகிதத்தில் மார்க் எழுதுவாள். மகா கஞ்சம். அண்ணனும் தம்பியும் நாலரை கொடுத்ததற்கு இரண்டேகால் போட்டு, “தூக்கறதுக்கு முன்னாடியே இவன் குதிக்கிறான். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?” என்பாள். விதிப்படி அவள் மார்க்தான் செல்லும். இவன் மறுபேச்சில்லாமல் பழைய மார்க்கின் பக்கத்தில் எழுதுவான். முடிந்ததும் அவனுக்கு ஒரு தட்டு, அவளுக்கு ஒரு தட்டு. இந்த உலகத்தில் அவனுக்காக இன்னொருவர் தட்டு வைக்கிற இடம் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாமல் அந்தத் தட்டில் சாப்பிடுவது திருட்டுச் சோறு மாதிரி இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் கிளம்புவான், சொல்லாமலே திரும்புவான்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அழுமூஞ்சியின் கையைக் கல்லு மண்டை முறுக்கிப் பிடித்திருந்தான். அழுமூஞ்சி தரையைத் தட்டினான்.

“எதுக்குத் தட்டறான்?” என்று அண்ணி கேட்டாள்.

“முடியலைன்னு அர்த்தம் அண்ணி. வாயைத் திறந்து சொல்ல முடியாதப்ப தட்டுவாங்க. தட்டினா…” அவன் ரிமோட்டைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தான். “தட்டினா உடனே விட்டுடணும்.”

“பரவாயில்லையே, நியாயமான சட்டம்தான்,” என்றாள் அண்ணி.

ஐந்தாவது மாதத்திலும் முதல் நோட்டே கால்வாசிதான் முடிந்திருந்தது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போனபோது மூன்றாவது நோட்டு மேஜைமேல் இருந்தது. கேசட்டையும் அண்ணியே தேடி எடுத்துச் செருகி வைத்திருந்தாள். பனிமலை, முகமூடி டாக்டர்.

“இது அவர் பாதி பாத்தது,” என்றாள். “உன் மார்க் சீட்டு உள்ளேயே இருக்கு. நான் பிரிக்கல.”

ரெஃபரி உட்காரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றான்.

“அண்ணி, நான் அன்னைக்கு பாத்ரூம்ல இல்ல.”

“தெரியும்.”

“நீங்க…”

“மறுநாளே படிச்சேன். அண்ணன், சமையலறை, ரெண்டு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?” குரலில் சூடில்லை. தபால் நிலையக் கவுண்டரில் பேசுகிற மாதிரியே பேசினாள். “முதல்ல உன்னை வெட்டிப் போடணும்போல இருந்துச்சு. நெஜமாவே. அப்புறம் யோசிச்சேன். அந்த மனுஷன் விழறதும் நீங்க மார்க் கத்தறதும் இந்த வீட்டுல தினம் நடக்கறதுதானே? நான் இருந்திருந்தாலும் ‘ஆரம்பிச்சுட்டாங்கப்பா’ன்னு துணி மடிச்சிட்டு இருந்திருப்பேன். ஆனா நீ வாயைத் திறந்து சொல்லணும்னு இருந்தேன். ஒவ்வொரு வாரமும் இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு பாத்தேன். அஞ்சு மாசம் எடுத்துக்கிட்டே.”

அவன் அழுதான். அழுகைக்கு நடுவில் ஒரு நிம்மதியும் வந்தது, அதை நினைத்து வெட்கமும் வந்தது. அண்ணி எழுந்து வந்து, “போதும், உக்காரு,” என்று அவன் தோளைத் தொட்டாள். இதோடு விட்டுவிடலாம். மீதியை அவள் எந்த நோட்டிலும் படிக்க முடியாது. மீதி அவன் காதில் மட்டும்தான் இருந்தது. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இன்றைக்குத் தட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

“அண்ணி, தட்டினாரு.”

“என்னது?”

“விழுந்தப்புறம். கையால தரையில. மூணு தடவை தட்டினாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான்… நான் ஜெயிச்சுட்டேன்னு கத்தினேன் அண்ணி.”

ஐந்து மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவளுக்கு அது வெறும் தட்டல். இப்போது, நாற்பது ஆட்டம் பார்த்து மார்க் போட்ட பிறகு, தட்டுவது என்றால் என்ன என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். பிறகு டிவி ரிமோட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“அன்னைக்கு எவ்வளவு சத்தம் வெச்சிருந்தே?”

“பதினெட்டு.”

“வை. அன்னைக்கு எங்க உக்காந்திருந்தியோ, அங்க உக்காரு.”

வைத்தான். உட்கார்ந்தான். பனிமலை முகமூடி டாக்டரைத் தலைக்கு மேலே தூக்கினான், கூட்டம் இரைந்தது. அண்ணி அவனைக் கடந்து சமையலறைக்குப் போனாள். அவள் உட்காருகிற சரசரப்பு கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

பிறகு தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் எப்போது எழுந்தான், எப்போது ஓடினான் என்று தெரியாது. மேஜை முனையில் முட்டி இடித்துக்கொண்டதுகூட உறைக்கவில்லை. அண்ணி அடுப்பு மேடைக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இன்னும் தரையில் இருந்தது.

“எத்தனை அடி எடுத்து வெச்சே?” என்று கேட்டாள்.

“எண்ணல அண்ணி.”

“ஏழு. நான் எண்ணினேன். ஏழு அடிதாண்டா தம்பி.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழுததில்லை. இத்தனை மாதமாக அவருடைய மார்க்கை அவர் இடத்தில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தவள், அவர் கிடந்த இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஹாலில் ஆட்டம் ஓடிக்கொண்டேயிருந்தது. அங்கே யாரோ விழுந்து, கூட்டம் சேர்ந்து எண்ணத் தொடங்கியிருந்தது.

ரெஃபரி மண்டிபோட்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தரையிலிருந்த அவள் கையை எடுத்து, லேசாக அழுத்தினான்.

அந்தக் கை திருப்பி அழுத்தவில்லை. விலகிக்கொள்ளவும் இல்லை. அவன் பிடித்தபடியே இருந்தான்.